வாடைக்கு முன்னால் செலவழியுங்கள்: திருகோணமலை வளாகமொன்றில் விளையாட்டு நிதிக்கு முன்னுரிமை வகுப்பது எப்படி

விளையாட்டுக்குக் காசு காணாது என்பது எந்த வளாகத்திலும் கேட்கிற பேச்சு. பொய்யில்லை. ஆனால் டிசம்பர் 31இல் கணக்கை மூடும்போது அதே விளையாட்டுத் தலைப்பில் செலவழியாத தொகை மிஞ்சிக் கிடப்பதும் நடக்கிறது. எதற்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் பங்கு போட்டவர்கள், எந்த மாதத்தில் என்று யோசிக்காமல் விட்டிருப்பார்கள். திருகோணமலையில் அந்த ஒரு பிழை பாதி ஆண்டைத் தின்றுவிடும்.

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தைப் போல, கடலுக்குக் கிட்ட, மணல் நிலத்தில், அரச நிதியை நம்பி நடக்கிற நடுத்தர அளவு நிறுவனத்துக்கே இந்த வழிகாட்டி. உடற்கல்வி அலகில் இருப்பவர்கள், விளையாட்டு ஆலோசனை சபையில் உட்காருபவர்கள், அணித்தலைவர்களாக வரும் மாணவர்கள் மூவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச இது உதவும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் திட்டங்களை இணையத்தில் பார்த்து அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி உரிமையும் நுழைவுச்சீட்டும் காசு கொண்டுவரும். இங்கே விளையாட்டு வருமானம் தருகிற துறை அல்ல, மாணவர் சேவை.

நாட்காட்டி முதலில், தொகை பிறகு

ஒரு பெரிய தாளில் 12 மாதங்களைக் குறுக்கே எழுதுங்கள். கீழே நான்கு வரிகள்: வானிலை, படிப்பு, போட்டி, காசு.

வானிலை வரியில் நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை (வடகிழக்குப் பருவ) மழை. அக்டோபரிலும் ஏப்ரலிலும் பின்னேரங்களில் இடி மின்னல். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேற்குக்) காற்றும் வெயிலும்; புல் கருகும், ஆனால் கட்டட வேலைக்கு அதுதான் காலம். படிப்பு வரியில் அரையாண்டு தொடங்கும் நாள், பரீட்சை, படிப்பு விடுமுறை. நோன்பு மாதத்தையும் இதே வரியில் குறியுங்கள். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும் என்பதால் போன வருடத் தாளைப் பிரதி எடுத்தால் பிழைக்கும். போட்டி வரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வருடாந்தப் போட்டிகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பல்கலைக்கழக விளையாட்டு விழா வரும் ஆண்டா, இல்லாத ஆண்டா என்பதை மேலே பெரிதாக எழுதுங்கள். முழுப் பங்கீடும் அதைப் பொறுத்து மாறும்.

காசு வரி கொஞ்சம் நுட்பமானது. நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒதுக்கீடு தாளில் முழுதாக இருந்தாலும் திறைசேரியிலிருந்து காசு பகுதி பகுதியாகத்தான் இறங்கும். முதற் காலாண்டு பெரும்பாலும் மந்தம். மீண்டெழும் செலவும் மூலதனச் செலவும் வேறு வேறு பைகள். பந்தும் பயணமும் முதற் பையில், ஆடுகளமும் விளக்குக் கம்பமும் இரண்டாவதில். ஒன்றிலிருந்து மற்றதற்கு உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே எந்தப் பொருள் எந்தப் பையில் என்று முதல் நாளே நிதியாளர் பகுதியோடு பேசித் தீர்த்துவிடுங்கள். மேசைப்பந்து மேசையைத் தேயும் பொருளாக (பாவித்துத் தீரும் பொருளாக) எழுதிவிட்டு ஆகஸ்டில் கணக்காளரோடு வாதாடுவது வீண் வேலை.

இப்போது பின்னால் இருந்து எண்ணுங்கள். கரப்பந்தாட்டக் கொங்கிரீட் ஆடுகளம் ஒன்று செப்டெம்பர் 15க்குள் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேற்பூச்சு ஈரக் கொங்கிரீட்டில் பிடிக்காது. புதிதாக ஊற்றிய தளம் 28 நாளாவது இறுகி, பிறகு நன்றாக உலர வேண்டும். பூச்சுக்கும் கோட்டுக்கும் 10 நாள். ஊற்றுவதற்கு முன் மண் இறுக்கி, மட்டம் பிடித்து, கம்பிவலை போட 3 கிழமை. ஒப்பந்தம் கொடுத்து ஆட்கள் வந்து இறங்க 2 கிழமை. விலைமனுக் கோரி, மதிப்பீட்டுக் குழு கூடி, அனுமதி வர 6 முதல் 8 கிழமை. உலரும் நாளையும் கொஞ்சம் தாமதத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் விலைமனு வெளியே போயிருக்க வேண்டும். அதற்கு முன் வேலைப் பகுதியினரின் மதிப்பீடு கையில் வேண்டும். அதாவது இந்த ஆடுகளத்தின் வேலை ஜனவரியிலேயே தொடங்குகிறது.

ஜூலையில் யோசித்து அக்டோபரில் வேலை கொடுத்தால் நடப்பது இது: ஊற்றுகிற அன்று மழை வரும், மேற்பரப்பில் தண்ணீர் கூடி மேல்தோல் பலவீனப்படும், அடுத்த வருடம் அது பொடியாக உதிரும். அல்லது ஒப்பந்தக்காரர் நேரம் கேட்பார், நீங்கள் கொடுப்பீர்கள், ஆண்டு முடியும், காசு போகும். மூலதன வேலை எதுவும் ஓகஸ்ட் தாண்டித் தொடங்கக் கூடாது என்பதை ஆலோசனை சபையின் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

ஆள்-மணிக் கணக்கு

எந்த விளையாட்டுக்கு எவ்வளவு என்ற சண்டை ஒவ்வொரு ஆண்டும் வரும். சத்தமாகப் பேசும் அணித்தலைவருக்குக் கூடப் போகும். இதை நிறுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு விளையாட்டுக்கான ஆண்டுச் செலவை, அதை விளையாடுகிறவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் பயிற்சி செய்த மணித்தியாலங்களையும் பெருக்கி வரும் தொகையால், அதாவது ஆள்-மணியால், பிரியுங்கள்.

உதாரணத்துக்கு, கரப்பந்தாட்டத்தில் ஆண் பெண் சேர்த்து 24 பேர், கிழமைக்கு 4 நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், 26 கிழமை: 3,744 ஆள்-மணி. செலவு 3 இலட்சம் ரூபா என்றால் ஓர் ஆள்-மணிக்கு ஏறத்தாழ 80 ரூபா. கடினப்பந்துக் கிரிக்கெட்டில் 15 பேர், கிழமைக்கு 2 நாள், நாளுக்கு 3 மணித்தியாலம், 16 கிழமை: 1,440 ஆள்-மணி. செலவு 9 இலட்சம் என்றால் 625 ரூபா. கிரிக்கெட்டை நிறுத்துங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அடுத்த ஆண்டுக்குக் கூடுதலாக 50,000 ரூபா வந்தால் அது எங்கே போக வேண்டும் என்பதற்கு மட்டும் இந்தக் கணக்கு பதில் சொல்லும்.

கணக்கு உண்மையாக இருக்க வரவுப் பதிவேடு உண்மையாக இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு தலைவர் உட்கார்ந்து 24 கையொப்பத்தையும் தானே போடுகிற பழக்கம் எங்கும் உண்டு. தொடங்கி 15 நிமிடத்தில் தாளைப் படம் எடுத்து அலகின் வட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று பெண்கள் பங்கு. இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் 60 வீதத்துக்கு மேல் பெண்கள். மைதானத்தில் அந்த விகிதம் தலைகீழாக இருந்தால், பெண்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்ட முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். பயிற்சி முடிந்து விடுதிக்குப் போகும் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா? உடை மாற்ற, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற அறை இருக்கிறதா? ஜேசி வாங்கும்போது நீளக் கையும் நீளக் காற்சட்டையும் தெரிவாக இருக்கிறதா? மூன்றாவதற்கு ஒரு ரூபாவும் கூடுதலாகச் செலவாகாது. ஓடர் படிவத்தில் ஒரு நிரல் சேர்த்தால் சரி. ஆனால் அது இல்லாததால் வலைப்பந்தாட்ட அணிக்கே வராத முஸ்லிம் மாணவிகள் இருக்கக்கூடும். பாதை விளக்கை விளையாட்டுக் காசில் போட வேண்டியதில்லை, பராமரிப்புப் பகுதியின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். எழுதியதன் பிரதியைக் கோப்பில் வையுங்கள். அமெரிக்காவில் 1972இல் கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்க வந்த சட்டம்தான் அங்குள்ள பெண்கள் விளையாட்டின் முகத்தை மாற்றியது. இங்கே அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பயிற்சி நேர அட்டவணையில் பின்னேரம் 4.30 என்ற நல்ல நேரத்தைக் கிழமையில் பாதி நாட்களுக்குப் பெண்களுக்குக் கொடுத்துத் தொடங்கலாம்.

நூறு ரூபாயைப் பிரிப்பது

விளையாட்டு விழா இல்லாத ஆண்டில், மீண்டெழும் செலவின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 10 பாதுகாப்புக்கு, 30 உபகரணத்துக்கும் பராமரிப்புக்கும், 20 வருகைதரு பயிற்றுநர்களுக்கு, 30 பயணம், உணவு, போட்டிக் கட்டணத்துக்கு, 10 கையிருப்பு. விழா ஆண்டில் பயணம் 40 ஆகும், உபகரணம் 25 ஆகக் குறையும், கையிருப்பு 5. பாதுகாப்பும் பயிற்றுநரும் இரண்டு ஆண்டிலும் அசையக் கூடாது. இது தொடங்குவதற்கான பிரிப்பு. முதல் ஆண்டின் உண்மைச் செலவு கைக்கு வந்ததும் உங்கள் எண்களைப் போட்டு மாற்றுங்கள்.

கையிருப்பை ஓகஸ்ட் வரை யாரும் தொடக்கூடாது. ஓகஸ்டுக்குப் பிறகு வைத்திருக்கவும் கூடாது.

பயிற்றுநர் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஊரில் நல்ல உதைபந்தாட்டப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நகர மைதானங்களில் பின்னேரம் போய் நின்றால் தெரியும். அவர்களை இழப்பது சம்பளம் குறைவு என்பதால் அல்ல, பிந்துவதால். நியமனக் கடிதம் ஜனவரியில் புதுப்பிக்கப்படாவிட்டால் மார்ச் கொடுப்பனவு ஜூனில்தான் வரும். அதற்குள் அவர் வேறு கழகத்துக்குப் போயிருப்பார். நவம்பரிலேயே அடுத்த ஆண்டுக்கான கடிதத்தைத் தயார் செய்யுங்கள்.

பாதுகாப்புக்கு வைத்த 10

இதில் முதல் வேலை உதைபந்தாட்டக் கோல் கம்பங்களை நிலத்தோடு பிணைப்பது. 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் உள்ள இரும்புச் சட்டம் தளர்வாக நிற்கும்போது யாராவது குறுக்குக் கம்பத்தில் தொங்கினால் முன்னால் கவிழும். உலகம் முழுக்க இதனால் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். மணல் நிலத்தில் சிறு ஆணி பிடிக்காது. பின்சட்டத்தில் மணல் மூட்டைகளைக் கட்டுங்கள், அல்லது கொங்கிரீட் கட்டை புதைத்துச் சங்கிலி போடுங்கள்.

இரண்டாவது தண்ணீரும் நிழலும். மே முதல் ஓகஸ்ட் வரை பின்னேரம் 4 மணிக்கும் தரை கொதிக்கும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு 150 முதல் 250 மில்லிலீற்றர் தண்ணீர். 24 பேருக்கு ஒன்றரை மணித்தியாலப் பயிற்சி என்றால் 25 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். ஒரு 20 லீற்றர்ப் போத்தல் போதாது என்பது இங்கேதான் தெரியும். முதலுதவிப் பெட்டியில் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்), ஐஸ் பை, கிரேப் பண்டேஜ், சிம்பு (எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் தட்டை), கையுறை, சுகாதாரத் துவாய். பெட்டியின் மூடிக்கு உள்ளே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கமும், மைதானத்துக்கு எந்த வாசலால் வர வேண்டும் என்பதும் எழுதி ஒட்டுங்கள். வாசற் காவலாளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு விதி. இதற்குக் காசு தேவையில்லை. இடிச்சத்தம் கேட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை வெளியே வரக் கூடாது. மரத்துக்குக் கீழ் நிற்பது ஒதுங்குவது ஆகாது.

கோடு போடும் தூளையும் இதே தலைப்பில் பாருங்கள். கட்டடத்துக்குப் பாவிக்கும் சுண்ணாம்பு கண்ணைச் சுடும். விழுந்து எழும்பிய தோலையும் சுடும். சோக்குத் தூள் அல்லது தண்ணீர் கலந்த வெள்ளைப் பூச்சு வாங்குங்கள்.

பந்து, வலை, கம்பம்

உபகரணத் தலைப்பில்தான் அதிகக் காசு வீணாகிறது. ஒரு பொருளின் விலையைவிட உப்புக் காற்றில் அது எத்தனை மாதம் நிற்கும் என்பதே இங்கு கேள்வி.

பந்துக்கு விதி: இருவருக்கு ஒன்று, காற்றுப் போவதற்கு மேலதிகமாக இரண்டு. கரப்பந்தாட்டத்தில் 12 பேருக்கு 8, உதைபந்தாட்டத்தில் 22 பேருக்கு 13. இருபது பேருக்கு இரண்டு பந்தோடு நடக்கும் பயிற்சியில் பெரும்பாலான நேரம் வரிசையில் நிற்பதுதான். அதைவிட நடை நல்ல உடற்பயிற்சி.

விலைமனுவில் ‘தரமான கரப்பந்து 10’ என்று எழுதினால் ஆகக் குறைந்த விலைக்காரர் பிளாஸ்டிக் தோல் போர்த்த கல்லைத் தருவார், இரண்டு கிழமையில் மணிக்கட்டு வீங்கும், நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் ஒப்பந்தத்தை மீறவில்லையே. வணிகப் பெயரை எழுதினால் கணக்காய்வில் கேள்வி வரும். ஆகவே அளவை எழுதுங்கள்: சர்வதேச கரப்பந்தாட்டச் சம்மேளனம் அங்கீகரித்த மாதிரி, சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர், நிறை 260 முதல் 280 கிராம், உள்ளமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம், மாதிரி ஒன்று விலைமனுவோடு சமர்ப்பிக்கப்பட வேண்டும், வழங்கும்போது அதோடு ஒப்பிடப்படும். உதைபந்துக்குச் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். கரடான தரைக்குப் பயிற்சிப் பந்து வேறு, போட்டிப் பந்து வேறு என்று இரண்டு வரியாகக் கேளுங்கள்.

அமுக்கமானி உள்ள பம்பு ஒன்றை முதலில் வாங்குங்கள். கையால் அழுத்திப் பார்த்து ‘காணும்’ என்று சொல்லும் பழக்கத்தால் பந்துகள் அளவுக்கு மேல் ஊதப்படுகின்றன. வெயிலில் கிடந்து சூடேறும்போது அமுக்கம் இன்னும் கூடி, தையலோ ஒட்டோ விரியும். ஊசியை நனைத்துப் போடாமல் காய்ந்தபடியே குத்துவதும் வால்வைக் கிழிக்கும்.

பூப்பந்துக்குப் பயிற்சியில் நைலோன், போட்டிக்கு முந்திய இரண்டு கிழமை மட்டும் இறகு. கடற்கரைப் பக்கத்தில் வெளியே பூப்பந்து விளையாடக் காசு ஒதுக்குவது காற்றுக்குக் காசு கொடுப்பது.

கம்பத்துக்கு வருவோம். கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு, ஆனால் அதன் கம்பம் துருப்பிடிக்காத வளாகம் கிழக்குக் கரையில் அரிது. கம்பம் எங்கே முறிகிறது என்று பாருங்கள்: நடுவிலோ உச்சியிலோ அல்ல, நிலமட்டத்தில். காரணம் கீழே புதைத்த உறைக்குழாய். அடி மூடிய குழாயில் மழைத்தண்ணீர் தேங்கும், கடல் மணல் விழும், உப்பு சேரும், கம்பத்தின் அந்த ஒரு சாண் பகுதி மட்டும் ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டு அரிக்கும். மேலே எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் அந்தச் சாணுக்குள் தூரிகை போகாது. ஆகவே விவரக்குறிப்பில் இவற்றை எழுதுங்கள்: சூடான நாகக் (சிங்க்) குளியலில் முக்கி எடுத்த குழாய், வெட்டுதலும் ஒட்டுதலும் துளையிடுதலும் முக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், உறைக்குழாயின் அடி திறந்து கீழே 30 சென்ரிமீற்றர் சல்லிக்கல், மேலே மூடி. கம்பத்தின் உயரம் 2.55 மீற்றர், பக்கக் கோட்டிலிருந்து அரை மீற்றருக்கும் ஒரு மீற்றருக்கும் இடையில். ஆணிகள் கடற்கரைக்கு ஏற்ற 316 தரத் துருவேறா உருக்கு. அக்டோபர் கடைசியில் கம்பத்தைக் கழற்றி, அடிப்பகுதிக்குக் கிறீஸ் பூசி உள்ளே படுக்க வையுங்கள். இந்த ஒரு வேலைக்கு இரண்டு பேர், ஒரு மணித்தியாலம்.

வலையைப் பயிற்சி முடிந்ததும் கழற்ற வேண்டும். வெயில்தான் நைலோனைக் கொல்வது, பந்து அல்ல. ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீற்றர் என்று ஒரு தடியில் இரண்டு நிறக் கோடு போட்டுக் கம்பத்தோடு கட்டிவிட்டால் தினமும் அளவுநாடா தேட வேண்டியதில்லை.

களஞ்சிய அறைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். மழைமாதத்தில் பூட்டிய அறையில் பந்துக்கும் காலுறைக்கும் பூஞ்சணம் பிடிக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திய தட்டும், எதிரெதிர்ச் சுவரில் இரண்டு காற்றுத் துவாரமும் போதும்.

புல்லுக்கு எவ்வளவு தண்ணீர்

மைதானத்தைப் பச்சையாக்குவோம் என்று எல்லாச் சபையிலும் ஒருவர் சொல்வார். கணக்கைக் காட்டுங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் 1 லீற்றர். 100க்கு 64 மீற்றர் உதைபந்தாட்ட மைதானம் 6,400 சதுர மீற்றர். ஒரு தரம் 5 மில்லிமீற்றர் விட 32,000 லீற்றர் வேண்டும். 8,000 லீற்றர்ப் பவுசரில் 4 நடை, அதுவும் மணல் நிலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. முடியாது. கிணற்றிலிருந்து இறைத்தால் கச்சான் காலக் கடைசியில் கரையோரக் கிணறு உவர்க்கும், உவர்நீர் புல்லை எரிக்கும்.

செய்யக்கூடியது: ஒவ்வொரு கோல் முன்னாலும் 20க்கு 16.5 மீற்றர்ச் செவ்வகம், நடுவட்டம். மூன்றும் சேர்ந்து 923 சதுர மீற்றர், ஒரு தரத்துக்கு ஏறத்தாழ 4,600 லீற்றர், பவுசரில் ஒரு நடைக்கும் குறைவு. ஆட்டத்தில் தேய்வதும் இந்த மூன்று இடம்தான். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளட்டும். புல் நடுவதென்றால் அக்டோபர் முதல் மழையோடு நட்டு, ஜனவரிவரை யாரையும் விடாமல் கயிறு கட்டுங்கள். மழைக்காலத்தில் ஊறிய மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம் விளையாடினால், அந்தச் சப்பாத்துக் குழிகள் பெப்ரவரியில் இறுகி ஆண்டு முழுக்கக் கணுக்காலைத் திருப்பும்.

உள்ளரங்கைவிட விளக்கு

விரிவுரை 4 அல்லது 5 மணிக்கு முடிகிறது. ஆறு, ஆறரைக்கு இருட்டுகிறது. உள்ள ஆடுகளத்துக்கு விளக்குப் போட்டால் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கூடும். உள்ளரங்குக்குத் திட்டவரைபு எழுதி வருடக்கணக்காகக் காத்திருப்பதற்குள் அந்த இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை ஆள்-மணி சேரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பயிற்சிக்கு 75 முதல் 100 லக்ஸ் வெளிச்சம் போதும். 8 மீற்றருக்குக் குறையாத, நாகத்தில் முக்கி எடுத்த கம்பங்கள், தூசும் தண்ணீரும் புகாத ஐ.பி. 66 அடைப்புள்ள எல்.ஈ.டி. விளக்குகள். இரண்டு ஆடுகளத்துக்கு நடுவே கம்பத்தைப் போட்டால் இரு பக்கமும் பயன். நேரச்சுவிட்ச் வைக்காவிட்டால் மின்கட்டணத்தைக் காட்டியே ஆறு மாதத்தில் யாராவது அணைத்துவிடுவார்கள்.

பயணச் செலவைச் சரியாக எழுதுவது

கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போய்வர 520, அங்கே உள்ளூர் ஓட்டம் 60. பெரிய பஸ் லீற்றருக்கு 4 கிலோமீற்றர் என்றால் 145 லீற்றர் டீசல், அன்றைய விலையால் பெருக்குங்கள். சாரதியின் மேலதிக நேரமும் தங்குமிடமும் தனி வரி. 18 பேருக்கு 3 நாள், 3 நேரச் சாப்பாடு என்றால் 162 சாப்பாடு. இதில் மரக்கறி எத்தனை, ஹலால் எத்தனை என்று முன்கூட்டியே எழுதுங்கள். போட்டிக்கு முதல்நாளே போய்ச் சேர வேண்டும். இரவோடு இரவாகப் புறப்பட்டுக் காலையில் ஆடவிட்டால் காசும் போச்சு, ஆட்டமும் போச்சு. அதோடு கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதிக்கு வரும். சதுரங்கம், மேசைப்பந்து போன்ற ஐந்தாறு பேர் அணிக்கு ரயில் மலிவு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமான வந்தாறுமூலையோடு சேர்ந்து ஒரே அணியாக இறங்கும் விளையாட்டு என்றால், போட்டிக்கு முன் குறைந்தது மூன்று கூட்டுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பஸ்ஸில் ஏறத்தாழ 3 மணித்தியாலம். போட்டியன்று காலையில் கைகுலுக்கி அறிமுகமாகும் அணி முதற் சுற்றைத் தாண்டுவது கடினம்.

முற்பணம் அரச நிதிப்பிரமாணம் 371இன் கீழ் வரும். அது பதவிநிலை அலுவலர் பெயரில்தான் கிடைக்கும், மாணவத் தலைவர் பெயரில் அல்ல. போய் வந்த கையோடு பற்றுச்சீட்டோடு தீர்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடைத் துண்டில் திகதியும் கடைப் பெயரும் இல்லையென்றால் அந்தத் தொகை அலுவலரின் பையிலிருந்து போகும். ஒரு முற்பணம் தீராமல் அடுத்தது கிடைக்காது. அணி போகாமல் நின்றதற்கு உண்மைக் காரணம் பல தடவை இதுதான்.

வெளிக்காசு

சீனக்குடாப் பக்கத்து மா ஆலை, சீமெந்து ஆலை, உப்புவெளி நிலாவெளி ஹோட்டல்கள் என்று கேட்கக்கூடிய இடங்கள் உண்டு. ‘விளையாட்டுக்கு உதவுங்கள்’ என்ற கடிதத்துக்குப் பதில் வராது. எத்தனை பேர், எந்தத் திகதி, எது வேண்டும், எங்கே அவர்கள் பெயர் தெரியும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். காசாகக் கேட்பதைவிடப் பொருளாகக் கேட்டால் எளிது. ஹோட்டல்களுக்கு வாடைக்காலத்தில் அறை காலி, அந்த நேரத்தில் உள்ளரங்கப் போட்டிக்கு வரும் அணிகளுக்கு இடம் கேட்கலாம். எது வந்தாலும் பல்கலைக்கழகக் கணக்கு வழியாக, பற்றுச்சீட்டோடு. தலைவரின் வங்கிக் கணக்குக்குப் போகும் அனுசரணை, தொகை சிறிதானாலும் பின்னால் பெரிய தலைவலி.

பதிவேடும் வெட்டும்

பந்து, வலை, இறகுப் பந்து இவற்றைத் தேயும் பொருள் என்று வாங்கிய அன்றே குறியுங்கள். இல்லாவிட்டால் நிதிப்பிரமாணம் 756இன் கீழ் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்கு வரும் குழு வெடித்த பந்தையும் எண்ணிக் கேட்கும். ஒவ்வொரு பந்திலும் ஆண்டும் இலக்கமும் அழியா மையால் எழுதுங்கள். வெடித்ததை எறியாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். அதுதான் அடுத்த ஆண்டு எத்தனை தேவை என்பதற்கும் ஆதாரம். தொலைந்தால் நிதிப்பிரமாணம் 104இன் கீழ் உடனே அறிவியுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் களவு போனதை விடப் பிந்தியதற்குத்தான் விளக்கம் கேட்பார்கள்.

ஆண்டு நடுவில் ஒதுக்கீட்டை வெட்டச் சொன்னால் வெட்டும் ஒழுங்கு இது: முதலில் பரிசளிப்பு விழா, கிண்ணம், மேடை, பதாகை. அடுத்து நட்புப் போட்டிப் பயணம். அடுத்துப் புதிய ஜேசி; போன வருட ஜேசியில் ஆடினால் எந்த ஆட்டமும் தோற்காது. பிறகு தேசியப் போட்டிகளில் அணி அளவைக் குறையுங்கள். பந்து, பயிற்றுநர், முதலுதவி மூன்றையும் தொட விடாதீர்கள். வெட்டு அறிவிப்பு வந்த பிறகு கூடிப் பேசினால் கிண்ணம் தப்பும், பந்து போகும். ஜனவரியிலேயே இந்த ஒழுங்கைச் சபைக் கூட்டறிக்கையில் ஏற்றிவிடுங்கள்.

இன்னொரு பட்டியலும் கையில் இருக்கட்டும். நவம்பரில் சில வேளை எதிர்பாராமல் காசு இறங்கும், ‘இரண்டு கிழமைக்குள் செலவழிக்க முடியுமா’ என்று தொலைபேசி வரும். மழையோடு சம்பந்தமில்லாத, கடையில் தயாராகக் கிடைக்கிற பொருட்களுக்கு, மேசைப்பந்து மேசை, சதுரங்க மணிக்கூடு, கபடி விரிப்பு, ஸ்ட்ரெச்சர், அடுத்த ஆண்டுப் பந்துகள், செப்டெம்பரிலேயே விவரக்குறிப்பு எழுதி விலைமனு எடுத்து வையுங்கள். விலைமனு டிசம்பர் நடுப்பகுதிவரை செல்லுபடியாகும் என்று வழங்குநர் எழுத்தில் தந்திருக்கிறாரா என்று பார்த்துக் கோப்பில் போடுங்கள்.